பிபிபிடி: தொலைபேசிக் கம்பி இணையத்தின் வாயிற்காவலன்

பிபிபிடி என்பது ஒரு கம்பியின் இரு முனைகளிலும் உள்ள கணினிகளை இணைய நெறிமுறையில் பேசவைக்கும் கட்டற்ற மென்பொருள். பி.பி.பி. எனப்படும் 'முனைக்கு முனை நெறிமுறை'யைச் செயல்படுத்துவது இதன் வேலை. லினக்ஸ் கணினிகளிலும், லினக்ஸை உள்ளே வைத்திருக்கும் பல வீட்டுத் திசைவிகளிலும் இது இருக்கிறது. இணைப்பு கேட்பவர் யார் என்று உறுதிசெய்யும் நெறிமுறைகள் இம்மென்பொருளில் ஒவ்வொன்றாகச் சேர்ந்த வரலாற்றையும், அப்படிச் சேர்ந்த ஒன்றில் 17 ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் கிடந்த ஒரு பிழையையும் இக்கட்டுரை கூறுகிறது. அயல்நாடுகளில் எழுதப்பட்ட நிரல்தான். ஆனாலும் கோவில்பட்டி போன்ற ஊரில் தொலைபேசிக் கம்பி வழியாக இணையத்தைப் பார்த்தவர்கள், அறிந்தோ அறியாமலோ, இந்த நெறிமுறைகளின் வாசலைத் தாண்டித்தான் உள்ளே போனார்கள்.

கரிசலில் வந்த கம்பி

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அன்று சேவை கிடைத்தவை மும்பை, தில்லி, கொல்கத்தா, சென்னை ஆகிய பெருநகரங்கள். தூத்துக்குடி மாவட்டத்துக் கரிசல் ஊர்களிலிருந்து அதைத் தொட வேண்டுமானால் எஸ்.டி.டி. போட்டுத்தான் தொட வேண்டும். இணையத்துக்குக் கட்டும் பணம் ஒருபுறம், தொலைபேசிக்குக் கட்டும் பணம் மறுபுறம். பிற்பாடு 172 என்று தொடங்கும் எண்களை உள்ளூர் அழைப்புக் கட்டணத்தில் சுழற்ற வழி வந்தது. அதன் பிறகுதான் சிறு நகரங்களில் 'பிரவுசிங் சென்டர்'கள் முளைத்தன. பிளஸ் டூ தேர்வு முடிவு வரும் நாளில் அவற்றின் வாசலில் நின்ற கூட்டத்தை இன்று நாற்பதைத் தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

கரிசல் மண்ணின் குணம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். மழையில் உப்பும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். மண்ணுக்குள் புதைத்த எதையும் அது இழுத்துப் பார்க்கும். புதைகம்பியின் இணைப்புகள் தளர்ந்தால் ஈரம் இறங்கும், கம்பியில் இரைச்சல் ஏறும், மோடம் பிடித்த இணைப்பை விட்டுவிடும். விட்டால் திரும்பச் சுழற்ற வேண்டும். ஒவ்வொரு முறை சுழற்றும்போதும் மறுமுனை 'நீ யார்?' என்று முதலிலிருந்து கேட்கும்.

அந்தக் கேள்விக்குப் பின்னே பணம் இருந்தது. அக்காலத்தில் இணையம் மணிக்கணக்கில் விற்கப்பட்டது. இத்தனை மணி நேரம் என்று வாங்கிய கணக்கின் கடவுச்சொல் பிறர் கைக்குப் போனால் மணிகள் கரைந்துவிடும். 2000ஆம் ஆண்டில் தில்லியில் ஒரு ராணுவ அதிகாரியின் இணைய மணிநேரங்கள் இப்படிக் களவுபோனதாக வழக்குப் பதிவாயிற்று. தகவல் தொழில்நுட்பச் சட்டம் அவ்வாண்டு அக்டோபர் 17 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. வழக்கு அதற்கு முந்தியது. எனவே காவல்துறை இந்திய தண்டனைச் சட்டத்தின் சாதாரணத் திருட்டுப் பிரிவான 379ஐயே எடுத்துக்கொண்டது. நேரத்தைத் திருட முடியுமா என்று கேட்டால் தமிழாசிரியர் ஒரு விடை சொல்வார், காவல் ஆய்வாளர் வேறு விடை சொல்வார். அன்றைக்கு ஆய்வாளர் சொன்னதே செல்லுபடியாயிற்று.

பெயரும் கடவுச்சொல்லும்

பி.பி.பி.க்கு முன்பு இருந்தது 'ஸ்லிப்' என்ற எளிய முறை. 1988இல் ஆவணமான அதில் அடையாளம் சரிபார்க்கும் வழியே கிடையாது. கம்பி கிடைத்தவர் உள்ளே வரலாம். 1989இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ட்ரூ பெர்கின்ஸ் எழுதிய ஆவணத்தோடு பி.பி.பி. வந்தது. பிபிபிடி நிரலின் வேரும் அதே பல்கலைக்கழகத்தில்தான். பின்னர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பால் மெக்கராஸ் அதை நெடுங்காலம் பராமரித்தார்.

1992 அக்டோபரில் பிரையன் லாய்டும் வில்லியம் சிம்சனும் பி.பி.பி.க்காக இரண்டு சரிபார்ப்பு முறைகளை வரையறுத்தார்கள். முதலாவது 'பாப்'. பெயரையும் கடவுச்சொல்லையும் அப்படியே கம்பியில் அனுப்புவது அதன் முறை. நடுவில் கம்பியைத் தட்டிக் கேட்பவருக்கு இரண்டும் கிடைத்துவிடும்.

இரண்டாவது 'சாப்'. இதில் கடவுச்சொல் கம்பியில் போவதே இல்லை. கேட்கும் முனை ஒரு புதிய எண்ணை அனுப்பும். பதில் சொல்லும் முனை அந்த எண்ணையும் தன் கடவுச்சொல்லையும் சேர்த்து ஒரு கணக்குப் போட்டு, விடையை மட்டும் அனுப்பும். கேட்டவர் தம் பக்கத்திலும் அதே கணக்கைப் போட்டு ஒப்பிடுவார். மாணவர்களுக்காக ஒரு சிறு எடுத்துக்காட்டு: இருவருக்கும் தெரிந்த இரகசிய எண் 37 என்று கொள்வோம். இன்று கேட்ட எண் 512. பெருக்கினால் 18944, கடைசி மூன்று இலக்கமான 944ஐ மட்டும் அனுப்பினால் போதும். நாளை கேட்கும் எண் 709 ஆனால் பெருக்கல் 26233, விடை 233. இன்று ஒட்டுக்கேட்ட 944 நாளைக்கு உதவாது. பெருக்கலைப் பின்னோக்கிப் போட்டு 37ஐக் கண்டுபிடிப்பது எளிதாயிற்றே என்று கூர்மையான மாணவர் கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். அதனால் 'சாப்' பெருக்கலைப் பயன்படுத்தவில்லை. ரொனால்டு ரிவெஸ்ட் உருவாக்கிய எம்.டி.5 என்ற ஒருவழிக் கணக்கைப் பயன்படுத்தியது. எவ்வளவு நீளமான செய்தியைக் கொடுத்தாலும் அது 128 பிட்டு விடை ஒன்றைத் தரும். விடையிலிருந்து செய்திக்குத் திரும்பிவர நேர்வழி இல்லை. எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல்லை வைத்திருப்பவரை மட்டும் இந்தக் கணக்கு காப்பாற்றாது, ஏனெனில் ஒவ்வொரு சொல்லாகப் போட்டுப் பார்த்து விடையோடு ஒப்பிடலாம்.

'சாப்' முறை 1996 ஆகஸ்டில் தனி ஆவணமாகத் திருத்தி வெளியிடப்பட்டது. அதன் ஆர்.எஃப்.சி. எண் 1994, அதை ஆண்டு என்று எண்ணிக் குறித்துவைப்பவர்கள் உண்டு, கவனம் தேவை. இம்முறைக்கு ஒரு விலையும் இருந்தது. ஒப்பிடுவதற்காகச் சேவை வழங்குபவர் எல்லோருடைய கடவுச்சொல்லையும் மூலவடிவில் வைத்திருக்க வேண்டும். 'பாப்' முறையில் கம்பி ஆபத்து, 'சாப்' முறையில் பெட்டி ஆபத்து. எது பெரிது என்பது ஊரையும் கம்பியையும் பொறுத்தது. தொலைபேசி நிலையத்துக்குத் தனியாகப் போகும் செம்புக் கம்பியில் 'பாப்' பல ஆண்டுகள் ஓடியது வியப்பில்லை.

இங்கே பி.எஸ்.என்.எல். கையாண்ட வேறொரு வழியையும் குறிக்கலாம். அழைப்பவரின் தொலைபேசி எண்ணையே அடையாளமாகக் கொண்டு, தனிக் கணக்கு இல்லாமல் இணைப்புக் கொடுத்து, கட்டணத்தைத் தொலைபேசி ரசீதில் சேர்த்தார்கள். அகலப்பட்டை வந்த பின், பயனர் கணக்கை அவருடைய கம்பி வந்து சேரும் துறையோடு பிணைத்தார்கள். கடவுச்சொல் களவுபோனாலும் வேறு வீட்டுக் கம்பியில் அது வேலை செய்யாது. நெறிமுறைக்குள் புதுமை எதுவும் செய்யாமல் கம்பியையே சாட்சியாக்கிய இந்த ஏற்பாடு, என் கருத்தில், அதற்குரிய பாராட்டைப் பெறவில்லை.

எதிர்முனை கேட்கும் மொழி

கட்டற்ற மென்பொருளை எழுதுபவருக்கு ஒரு சங்கடம் உண்டு. எந்த நெறிமுறை நல்லது என்று அவர் முடிவு செய்தால் மட்டும் போதாது. எதிர்முனை எதைக் கேட்கிறதோ அதைப் பேசத் தெரிந்திருக்க வேண்டும். விண்டோஸ் என்.டி. வழங்கிகள் கடவுச்சொல்லை மூலவடிவில் வைப்பதில்லை, அதன் சுருக்கத்தை மட்டுமே வைத்திருக்கும். எனவே பொதுவான 'சாப்' அங்கே பொருந்தவில்லை. மைக்ரோசாஃப்ட் தனக்கென ஒரு 'எம்.எஸ்.சாப்' செய்துகொண்டது. லினக்ஸ் வைத்திருந்தவர் அந்த வழங்கிகளோடு இணைய முடியாமல் நின்றார். 1995இல் எரிக் ரோசன்குவிஸ்ட் என்பவர் அதற்கான நிரலை எழுதி பிபிபிடிக்குக் கொடுத்தார். மைக்ரோசாஃப்ட்டின் முறை ஆர்.எஃப்.சி. ஆவணமாக வெளிவந்ததோ 1998 அக்டோபரில்.

அம்முறையின் இரண்டாம் பதிப்பில் இரு முனைகளும் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொள்ளும். பிபிபிடி 2.4.2 பதிப்பில் 'சாப்' பகுதி முழுவதும் புதிதாக எழுதப்பட்டு, இரு பதிப்புகளுக்கும் ஆதரவு சேர்ந்தது. பழைய நிரலில் இருந்த பதிப்புரிமைச் சிக்கல்களைக் களைவதும் அந்த மறுஎழுத்தின் நோக்கங்களில் ஒன்று. கட்டற்ற மென்பொருள் என்றால் யாரும் எதையும் எடுத்து ஒட்டலாம் என்று நினைப்போர் இதைக் கவனிக்க வேண்டும்.

அந்த இரண்டாம் பதிப்பும் நிற்கவில்லை. 2012இல் மாக்ஸி மார்லின்ஸ்பைக், டேவிட் ஹல்டன் இருவரும் அதை உடைப்பது 56 பிட்டு டெஸ் திறவுகோல் ஒன்றைத் தேடுவதற்குச் சமம் என்று காட்டினார்கள். அதற்கென அமைத்த வன்பொருள் இருந்தால் ஒரு நாளுக்குள் முடியும் வேலை அது. பிபிபிடி அதை இன்றும் ஆதரிக்கிறது. கேட்கும் முனைகள் இன்றும் இருக்கின்றன.

ஈ.ஏ.பி. என்னும் உறை

ஒவ்வொரு புதிய முறைக்கும் வாயிலில் உள்ள பெட்டியையே மாற்றிக்கொண்டிருக்க முடியாது. அமெரிக்காவின் மெரிட் நெட்வொர்க்கைச் சேர்ந்த லாரி பிளங்க், ஜான் வால்பிரெக்ட் இருவரும் 1998 மார்ச்சில் ஈ.ஏ.பி. என்ற நெறிமுறையை வெளியிட்டனர். அது சரிபார்க்கும் முறை அன்று, சரிபார்ப்பை வைத்து அனுப்பும் உறை. வாயிலில் இருப்பவர் உறையைப் பிரிக்காமல் உள்ளே இருக்கும் அதிகாரியிடம் சேர்த்துவிடலாம். உறைக்குள் எம்.டி.5 இருக்கலாம், சான்றிதழ் இருக்கலாம், நாளை வரும் வேறொன்றும் இருக்கலாம். தொலைபேசிக் கம்பிக்காகப் பிறந்த இந்த யோசனைதான் பின்னர் கம்பியில்லா வலைப்பின்னலுக்குப் போனது. கல்லூரி வளாகங்களில் ஒவ்வொரு மாணவருக்கும் தனிப் பெயர், தனிக் கடவுச்சொல் கேட்கும் வைஃபை இருந்தால் பெரும்பாலும் உள்ளே ஓடுவது ஈ.ஏ.பி.தான்.

பிபிபிடிக்கான ஈ.ஏ.பி. பகுதியை எழுதியவர் ஜேம்ஸ் கார்ல்சன். பி.பி.பி. பற்றி நூலே எழுதியவர். நிரலின் தலைப்பில் 2001, சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்ற உரிமைக் குறிப்பு இருக்கிறது. எம்.டி.5 முறையையும், வழங்கியில் கடவுச்சொல்லை வைக்கத் தேவையில்லாத எஸ்.ஆர்.பி. முறையையும் அது ஆதரித்தது. நிரல் 2.4.2 பதிப்பில் சேர்ந்தது. ஏறக்குறைய அதே நேரத்தில்தான் ஈதர்நெட் மேல் பி.பி.பி.யை ஓட்டும் பிபிபிஓஇ முறைக்கான துணைநிரலும் பிபிபிடியோடு ஒன்றாயிற்று.

2004 அக்டோபரில் வந்த அகலப்பட்டைக் கொள்கை 256 கிலோபிட்டு வேகத்தை அடிமட்ட அளவாக வைத்தது. 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். 'டேட்டாஒன்' தொடங்கிற்று. மணிக்கணக்குப் போய் மெகாபைட் கணக்கு வந்தது. பெயர், கடவுச்சொல், பி.பி.பி. மூன்றும் அப்படியே இருந்தன. சுழற்றும் சத்தம் மட்டும் நின்றது. லினக்ஸ் வைத்திருந்தவர்கள் டெபியனிலும் உபுண்டுவிலும் இருந்த பிபிபிஓஇ அமைவுக் கருவியை ஓட்டி, பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து இணைந்தார்கள். அந்தக் கருவிக்குப் பின்னால் வேலை செய்தது பிபிபிடி.

கூட்டலும் கழித்தலும்

2020 பிப்ரவரி 3 அன்று பால் மெக்கராஸ் பிபிபிடியின் ஈ.ஏ.பி. பகுதியில் ஒரு சிறு திருத்தம் செய்தார். மாறியவை இரண்டே வரிகள் என்று சொல்லலாம். ஐ.ஓ.ஆக்டிவ் நிறுவனத்தைச் சேர்ந்த இல்யா வான் ஸ்ப்ருண்டெல் கண்டுபிடித்துச் சொன்ன பிழைக்கான திருத்தம் அது. சி.வி.இ. 2020-8597 என்ற எண்ணோடு மார்ச் 4 அன்று எச்சரிக்கை வெளியானபோது அதற்குக் கொடுக்கப்பட்ட கடுமை மதிப்பு 10க்கு 9.8.

பிழை என்ன? ஈ.ஏ.பி. செய்தியில் முதலில் ஒரு கேள்வி எண் வரும், அதன் பின் அனுப்புபவரின் பெயர் வரும். பெயரை வைக்க நிரல் 256 பைட்டு இடம் ஒதுக்கியிருந்தது. மொத்த நீளத்திலிருந்து கேள்வி எண்ணின் நீளத்தைக் கழித்தால் பெயரின் நீளம். அது 256ஐ எட்டினால் வெட்டிச் சுருக்க வேண்டும். நிரலோ கழிப்பதற்குப் பதிலாக, கேள்வி எண்ணின் நீளம் மொத்த நீளத்தோடு 256ஐக் கூட்டியதைவிடப் பெரிதா என்று பார்த்தது. எண்களைப் போட்டுப் பாருங்கள். மொத்தம் 600, கேள்வி எண் 16 என்றால் பெயர் 584. சரியான சோதனை 584ஐ 256ஓடு ஒப்பிட்டு நிறுத்தும். நிரலில் இருந்த சோதனை 16ஐ 856ஓடு ஒப்பிட்டது. 16 சிறியது, எனவே போகலாம் என்றது. 256 கொள்ளும் இடத்தில் 584 கொட்டப்பட்டது. மிஞ்சியது பக்கத்தில் இருந்த நினைவிடத்தில் வழிந்தது. வழிவதைத் திட்டமிட்டு எழுதி அனுப்பினால் மறுமுனைக் கணினியைத் தன் சொல்லுக்கு ஆட்டிவைக்கலாம். பிபிபிடி பெரும்பாலும் கணினியின் முழு அதிகாரத்தோடு ஓடுவது. ஆகவே கிடைப்பதும் முழு அதிகாரம்.

இதற்கு முந்தைய வரிகள், கேள்வி எண் மொத்த நீளத்தை மீறாது என்பதை ஏற்கெனவே உறுதிசெய்துவிட்டன. அப்படியானால் அந்தச் சோதனை ஒருபோதும் உண்மையாகவே முடியாது. காவலாளி இருந்தார், கையில் அளவுகோலும் இருந்தது. ஆனால் எவரையும் நிறுத்த முடியாதபடி அளவு குறிக்கப்பட்டிருந்தது. அந்த வரிக்கு மேலே, இப்படி நேர வாய்ப்புக் குறைவு என்ற பொருளில் ஒரு குறிப்பும் எழுதப்பட்டிருந்தது. படித்தவர்கள் அதைப் படித்துவிட்டுத் தாண்டிப் போயிருப்பார்கள்.

இன்னொரு கோணமும் உண்டு, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஈ.ஏ.பி.யைப் பயன்படுத்தாதவரும் தப்பவில்லை. இரு முனைகளும் எந்த முறையில் சரிபார்ப்பது என்று முன்கூட்டியே பேசி முடிவுசெய்வது பி.பி.பி. வழக்கம். ஈ.ஏ.பி. வேண்டாம் என்று முடிவான பிறகும், ஈ.ஏ.பி. செய்தி ஒன்று வந்தால் நிரல் அதை எடுத்துப் படித்தது. 'பாப்' மட்டும் பேசும் வீட்டுப் பெட்டியிலும், யாரும் கேட்காமல் சேர்ந்திருந்த அந்த வாசல் தாழ்ப்பாள் இல்லாமல் இருந்தது. கடவுச்சொல் கேட்பதற்காகச் சேர்த்த பகுதி, கடவுச்சொல்லே இல்லாமல் நுழையும் வழியாயிற்று. கேட்பவர், பதில் சொல்பவர் ஆகிய இரு பக்கத்து நிரலிலும் பிழை இருந்ததால் வழங்கியும் பயனரும் ஒன்றுபோல் மாட்டினர். பிபிபிஓஇ ஓடும் ஈதர்நெட்டில், சேவை வழங்குபவர் போல நடிக்க முடிந்தவருக்கு அது போதும்.

பாதிக்கப்பட்டவை 2.4.2 முதல் 2.4.8 வரையான பதிப்புகள். டெபியன், உபுண்டு, ரெட்ஹாட், சூசி, நெட்பி.எஸ்.டி., திசைவிகளுக்கான ஓப்பன்டபிள்யுஆர்டி, சில டிபி-லிங்க், சினாலஜி, சிஸ்கோ கருவிகள் என்று பட்டியல் நீண்டது. சிறு கருவிகளில் ஓடும் எல்.டபிள்யு.ஐ.பி. என்ற மென்பொருளும் இதே நிரலிலிருந்து தன் பி.பி.பி. பகுதியை எடுத்திருந்ததால், பிழையும் அங்கே குடிபெயர்ந்திருந்தது.

எச்சரிக்கை வந்த மூன்று வாரத்தில், மார்ச் 25 அன்று, நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. பள்ளிக்கூடமும் அலுவலகமும் வீட்டுக் கம்பி வழியே நடந்தன. கணினியில் லினக்ஸ் வைத்திருந்தவருக்குத் திருத்தம் வழக்கமான புதுப்பிப்போடு வந்து சேர்ந்தது. டெபியனும் உபுண்டுவும் பழைய பதிப்பு எண்ணை மாற்றாமலேயே திருத்தத்தை உள்ளே வைத்தன. சுவரில் ஆணியடித்து மாட்டிய மோடத்துக்கு அப்படி ஒன்றும் வராது. அதற்குள் என்ன மென்பொருள் ஓடுகிறது என்று பெட்டியில் எழுதியிருப்பதில்லை. தயாரித்த நிறுவனம் புதிய மென்பொருள் வெளியிட வேண்டும், வீட்டுக்காரர் அதைத் தேடிப் பதிவிறக்கி ஏற்ற வேண்டும். தீப்பெட்டி ஆபீசிலும் கடலைமிட்டாய்க் கடையிலும் அதைச் செய்யச் சொல்லி யார் வந்து சொல்வார்கள்?

பிறகு வந்தவை

சான்றிதழ் கொண்டு சரிபார்க்கும் ஈ.ஏ.பி.-டி.எல்.எஸ். முறை பல ஆண்டுகளாக பிபிபிடிக்கு வெளியே ஓர் ஒட்டுநிரலாக இருந்துவந்தது. நெதர்லாந்தைச் சேர்ந்த யான் யுஸ்ட் கெய்சர் அதைப் பராமரித்தார். சில லினக்ஸ் வழங்கல்கள் தாமாகவே அதை ஒட்டிக்கொண்டன. 2021 ஜனவரியில் வெளியான 2.4.9 பதிப்பில் அது மூலநிரலோடு சேர்ந்தது. அதே பதிப்பில் மைக்ரோசாஃப்ட் முறையை ஈ.ஏ.பி. உறைக்குள் வைக்கும் வழியும் வந்தது. 2023இல் வந்த 2.5.0 பதிப்பு பீப் எனப்படும் முறையைச் சேர்த்தது. ஒவ்வொரு புதிய முறையோடும் எதிர்முனையிலிருந்து வரும் செய்தியைப் பிரித்துப் படிக்கும் புதிய வரிகள் சேர்கின்றன. ஈ.ஏ.பி. பேசி முடிவாகாத இணைப்பில் ஈ.ஏ.பி. செய்தி வந்தால் அதைத் தள்ளிவிடும் சோதனையும் 2020இல் சேர்க்கப்பட்டது.

கோவில்பட்டியில் இப்போது செம்புக் கம்பியின் இடத்தைக் கண்ணாடி இழை பிடித்துக்கொண்டு வருகிறது. கரிசல் ஈரம் இழைக்குள் இரைச்சலை ஏற்றாது. ஆனால் பி.எஸ்.என்.எல். இழை இணைப்பின் பெட்டியை அமைக்கும்போது இன்றும் பிபிபிஓஇ என்ற கட்டத்தைத் தேர்ந்து, பெயரும் கடவுச்சொல்லும் தட்டச்சு செய்கிறார்கள். மின்சாரம் போய் வந்தால் பெட்டி முதலில் கம்பியின் நிலையைப் பேசுகிறது, அடுத்துத் தான் யார் என்று சொல்கிறது, அதன் பிறகே இணைய முகவரி வாங்குகிறது. 1992இல் வகுத்த அதே வரிசை.